ஊதாரி மைந்தன் ஆசைப்பட்ட நெற்று

(விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் பல ஆண்டுகள் நான் ஒரு தவறு செய்து வந்தேன். ஊதாரி மைந்தன் பன்றிக்கு வைத்த தவிட்டைத் தின்ன ஆசைப்பட்டான் என்றே பிள்ளைகளுக்குச் சொன்னேன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ நெற்று என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குச் 'சிறு கொம்பு' என்று பொருள். கொம்புபோல் வளைந்த கரோப் மரத்துக் காய் அது.

பாலஸ்தீனம், சைப்ரஸ், மால்டா முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளில், பாறை நிலத்திலும் தழைக்கும் மரம் இது. நம் புளியங்காய்போல் தொங்கும் காய், முற்றினால் கறுத்துவிடும். கோடை முடிவில் நீண்ட கோல்களால் தட்டி உதிர்ப்பார்கள். கழுதைக்கும் பன்றிக்கும் அது தீவனம், ஏழைக்கு உணவு. ஏனெனில் அது சக்கையல்ல, தித்திப்பானது! சைப்ரஸில் பாகு காய்ச்சுகிறார்கள். மால்டாவில் தவக்காலத்தில் மற்ற இனிப்புகளை விலக்கியவர்களும் இந்தப் பாகில் செய்த மிட்டாயை உண்பது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் அத்தீவு முற்றுகையில் தவித்தபோது மக்கள் பசியாறியதில் இந்தக் காய்க்கும் பங்குண்டு.

நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்ததுபோல், அங்கே இதன் விதையை வைத்தார்கள். வைரத்தை நிறுக்கும் 'காரட்' என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததே; இன்று அது 200 மில்லிகிராம். விதைகள் யாவும் ஒரே எடை என்பார்கள். நிறுத்துப் பார்த்தவர்கள் அப்படியில்லை என்கிறார்கள்.

ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்தில் உண்டது வெட்டுக்கிளியல்ல, இக்காயே என்போரும் உண்டு. 'அருளப்பர் அப்பம்' என்ற பெயர் அப்படி வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. வெட்டுக்கிளியை உண்ணலாம் என்று லேவியர் நூலே சொல்கிறதே!

இனி உவமையை மறுபடி வாசியுங்கள். அந்த இளைஞன் ஆசைப்பட்டது மனிதர் தின்னாத பொருளையல்ல. ஏழைகள் மென்று பசியாறும் காயை. பஞ்ச காலம்தான். ஆனாலும் பன்றிகளுக்கு அது கிடைத்தது. அவற்றை மேய்த்தவனுக்கு ஒரு கை அள்ளிக் கொடுக்க ஆளில்லை.

தவிடு என்று நான் சொன்ன நாளெல்லாம் பிள்ளைகள் முகம் சுளித்துச் சிரித்தார்கள். சென்ற தவக்காலத்தில் நெற்று என்று சொல்லி, அது இனிக்கும் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "அப்போ ஏன் சார் அவனுக்குக் கொடுக்கல?" என்று கேட்டாள்.