பணிந்தவரே பணித்தற்குரியர்

(குடமுழுக்கு விழாவை முன்னிட்டு, திருப்பணிக் குழுவினரும் உபயகாரர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இத்திருக்கோயிலின் விமானங்களும் இராசகோபுரமும் புதுப்பொலிவு எய்தி, யாகசாலையில் கடங்கள் நிறுவப்பெறும் நாளை நாம் எதிர்நோக்கி நிற்கின்றோம். இவ்வேளையில் சில சொற்கள் கூறுமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். எழுபது கடந்த உடம்பு நெடுநேரம் நிற்க இசைவதில்லை. ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. இளமையில் ஒரு திருமடத்தின் சோற்றையுண்டு, அம்மடத்துப் பாடசாலையிலேயே தோத்திர சாத்திரங்களை ஓதியவன் அடியேன். கோயிற்பணி என்று எவர் அழைப்பினும் எழுந்து செல்வது அந்தச் சோற்றுக்குப் பட்ட கடன்.

"பணித்தனர்" என்று கூறினேன். அச்சொல்லைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். பணிதல் என்பது தாழ்ந்து வணங்குதல். பணித்தல் என்பது கட்டளையிடுதல். பணி என்பது தொழில்; தொண்டும் ஆம். வணங்குவோன் ஒருவன், கட்டளையிடுவோன் மற்றொருவன், தொழில் செய்வோன் வேறொருவன் என்று உலகம் பிரித்து வைத்திருக்கின்றது. நம் தமிழோ இம்மூன்றையும் ஒரே வேரில் நிறுத்தியிருக்கின்றது. பணிந்து பணி செய்தவனே பிறரைப் பணித்தற்கு உரியவன். அடியேன் சொல்ல வந்த பொருள் இதுவே. மற்றவை இதன் விரிவு.

அண்மையில் என் பேரன், தன் அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்பைப் பற்றிக் கூறினான். அமெரிக்க நாட்டில் ராபர்ட் கிரீன்லீஃப் என்பார் பெரியதொரு தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர் 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் தொண்டனாயிருப்பவனே நல்ல தலைவனாவான் என்பது அதன் கருத்து. தலைவனை அளக்க அவர் ஓர் அளவுகோலும் வகுத்தார். அவன்கீழ் உள்ளவர்கள் வளர்கின்றார்களா, அறிவிலும் உரிமையிலும் மேம்படுகின்றார்களா என்று பார்க்க வேண்டும் என்பது அது. "தாத்தா, இது புதிய கொள்கை" என்றான் பேரன். நல்ல கருத்து எத்திசையிலிருந்து வரினும் கொள்ளத்தக்கதே. ஆயினும் புதியது என்று அவன் சொன்னபோது அடியேனுக்கு நகை தோன்றியது. அவனைத் திருவதிகைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று எண்ணினேன்.

திருவதிகையில் நடந்தது என்ன? மருணீக்கியார் சமண சமயத்தைச் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அச்சமயத்தார்க்குத் தலைவராய் விளங்கினார். கற்றோர் அவையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவர்தம் தமக்கையார் திலகவதியாரோ திருவதிகைக் கோயிலில் விடியுமுன் எழுந்து, திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்துக் கொண்டிருந்தார். அவருக்குப் பட்டமில்லை, பரிவாரமில்லை. சூலைநோயால் வருந்திய தம்பியார், எல்லா மருந்தும் பொய்த்த பின்னர், துடைப்பம் பிடித்த அந்தக் கையினிடமே திருநீறு பெற வந்தார். நோய் நீங்கி நாவுக்கரசர் என்னும் பெயர் பெற்றபின் அவர் கையில் ஏந்தியது யாது? செங்கோலன்று, உழவாரப்படை. கோயிற் பிராகாரங்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கும் சிறு கருவி. முன்னர்த் தலைவராயிருந்தவர் பின்னர்த் தொண்டரானார். அதனால் தலைமை குறைந்ததா? இன்றும் அவர் திருவுருவம் அந்தக் கருவியோடு நம் கோயில்களில் நிற்கின்றது. நாம் கைகூப்பி நிற்கின்றோம்.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வற்கடம் வந்து நாடு பசியால் வாடியது. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே தத்தம் திருமடங்களில் அடியார்களுக்கு அமுதளித்தனர். இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அரசர் மடத்தில் அமுது உரிய காலத்தில் அமைந்தது. பிள்ளையார் மடத்தில் நாள்தோறும் காலம் தாழ்த்தது. ஏன்? பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். அது தீர்ந்து பண்டம் வந்து சேரப் பொழுதாயிற்று. அரசர் பெற்ற காசோ வட்டமில்லாத நற்காசு.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பிள்ளையார் மடைப்பள்ளியாரைச் சினந்து கொள்ளவில்லை. "காலம் தாழ்ப்பதற்குக் காரணம் யாது?" என்று வினவினார், அவர்கள் சொன்னதைச் செவிமடுத்தார். இரண்டாவது, காரணம் தெரிந்ததும், இறைவன் ஓரவஞ்சனை செய்தான் என்று கருதவில்லை. அரசர் உடம்பு வருந்தக் கைத்தொண்டு செய்கின்றார். அதனால் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைக்கின்றது என்று உணர்ந்தார். பிறகே தம் காசின் வாசியைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டிப் பதிகம் பாடினார், குறையும் தீர்ந்தது. ஞானப்பால் உண்ட பிள்ளையாரே கைத்தொண்டின் ஏற்றத்தை ஒப்புக் கொண்டார் என்றால், நாற்காலியில் அமர்ந்து கட்டளையிடும் நம்மனோர் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். அதனை இன்று இவ்வவையில் எடுத்துவிட விரும்புகின்றேன்.

அடியேன் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியனாய் இருந்த காலம். மணியடிக்கும் ஏவலர் ஒருவர் ஒரு வாரம் தொடர்ந்து காலம் தாழ்த்து வந்தார். ஆசிரியர் பதின்மர் சூழ நிற்கையில், "சம்பளம் மட்டும் காலத்தில் வேண்டுமோ?" என்று கடிந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலைகுனிந்து சென்று மணியை அடித்தார். அன்று முற்பகல் வகுப்பில் அடியேன் நடத்திய பாடம் எது என்று நினைக்கின்றீர்கள்? இந்தத் திருவீழிமிழலை வரலாறுதான். பிள்ளையார் காரணம் வினவிய பெருந்தகைமையை நாக்குழற விரித்துரைத்தேன். மாலையில் எழுத்தர் கூறித்தான் அறிந்தேன்: அந்த ஏவலரின் மனைவியார் மருத்துவமனையில் கிடந்தார், இவர் இரவெல்லாம் அங்கிருந்து, விடிந்தபின் குழந்தைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் பள்ளிக்கு நடந்து வந்து கொண்டிருந்தார்.

அன்றிரவே அவர் வீடு சென்று வருந்தினேன். "ஐயா பெரியவங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். அதோடு முடிந்தது என்று எண்ணினேன். ஆனால், கடிந்தது பலர் முன்னிலையில், வருந்தியது தனிமையில். ஆசிரியர் பதின்மர் முன்னர் அந்த வருத்தத்தைச் சொல்லும் துணிவு அப்பொழுது எனக்கு வரவில்லை. பதவியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சினேன். அவர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் சிவபதமும் எய்தினார். அன்று கூறாததை இன்று உங்கள் முன் கூறுகின்றேன்: தவறு என்னுடையது. என் கையிலிருந்த காசு வட்டமுள்ள காசு.

அன்பர்களே, தலைமையென்பது காரணம் வினவுதலில் தொடங்குகின்றது. அலுவலகத்திலோ, ஆலையிலோ, கடையிலோ நம்கீழ் ஒருவர் தவறும்போது, முதலில் எழ வேண்டிய வினா "யார் செய்தது?" என்பதன்று, "என்ன நேர்ந்தது? இதில் என் பங்கு யாது?" என்பதே. புகழ் வரும்போது பிறரை முன்னிறுத்தி, பழி வரும்போது தான் முன்னிற்பவனே தலைவன்.

பூந்துருத்தி நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். சம்பந்தப் பிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளி வருகையில், முதியவராகிய நாவுக்கரசர் எவரும் அறியாமல் கூட்டத்துட் புகுந்து, சிவிகை தாங்குவாரோடு ஒருவராய்த் தோள் கொடுத்தார். சுமந்தவர் பெருமையையே பலரும் பேசுவர். அடியேனுக்கோ மேலிருந்தவர் செயலும் வியப்பைத் தருகின்றது. சிவிகையில் அமர்ந்திருந்த பிள்ளையார், "அப்பர் எங்குற்றார்?" என்று கேட்டார். கீழிருந்து விடை வந்ததும் பதைத்து இறங்கி அவரை வணங்கினார். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சிவிகையில் அமர்ந்திருக்கின்றோம். நம் வீட்டுச் சோறு, நாம் உடுத்த துணி, நம் தெருவின் தூய்மை யாவும் யாரோ ஒருவர் தோளின்மேல் வருகின்றன. தாங்குவோர் யாவர் என்று கேட்கின்றோமா? கேட்டபின் இறங்குகின்றோமா?

இவ்வாறு கூறுவதால், தொண்டன் என்பான் எவர்க்கும் தலையாட்டும் பொம்மை என்று கொள்ளற்க. சிவிகை தாங்கிய அதே நாவுக்கரசர்தாம், பல்லவ வேந்தன் ஆணையிட்டு அழைத்தபோது அஞ்சாது மறுத்தவர். திருப்புகலூரில் அவர் உழவாரம் இட்ட இடத்தில் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார். அடியார்க்குத் தாழ்வார், அதிகாரத்துக்கு அஞ்சார், பொருளுக்கு மயங்கார். பொதுப் பணத்தைக் கையாளும் நம்மனோர்க்கு இதனினும் வேறு பாடம் வேண்டுமோ?

அடியேன் பயின்ற திருமடத்தில் பந்தி விசாரிக்கும் முதிய தம்பிரான் ஒருவர் இருந்தார். கடைசிப் பந்தியும் எழுந்தபின், சமையலாட்களும் உண்டபின்னரே அவர் இலை போடுவார். ஒருநாள் அவர் இலையில் சோறும் மோரும் மட்டுமே விழக் கண்டு, சிறுவனாகிய நான், "சாமிக்குக் குழம்பு இல்லையே" என்றேன். "குழம்பு தீர்ந்தால் எல்லாரும் நன்றாக உண்டார்கள் என்று பொருள்" என்று சிரித்தார். நம் வீடுகளில் தாய்மார்கள் நாள்தோறும் இதனையே செய்கின்றார்கள். அதற்கு நாம் பெயர்கூட வைக்கவில்லை. வீட்டில் தொண்டுத் தலைமை பயில விரும்பும் ஆடவர், வாரத்தில் ஒருநாளேனும் மற்றவர்க்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்டு பார்க்கட்டும். நூல்கள் சொல்லாத பலவற்றை அந்த இலை சொல்லும்.

நிறைவாக, உபயகாரர்களாகிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் ஈந்த பொருளாலேயே இப்பணி நிறைவெய்தியது; உங்கள் கொடை பெரிது. கல்லில் பெயர் பொறிப்பதும் பிழையன்று. நம் முன்னோர் கல்வெட்டுகள் அத்தகையனவே. ஆயினும் சில கோயில்களில் ஒரு குழல்விளக்கின்மேல் உபயம் செய்தவர் குடும்பம் முழுவதன் பெயரும் எழுதப்பட்டு, ஒளி வர வழியில்லாமற் போவதைக் கண்டிருக்கின்றேன். பெயர் ஒளியை மறைக்கலாகாது.

குடமுழுக்கு நாளில் ஆயிரவர் கூடுவோம். நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசைக்கும் ஆள் வரும். நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் பிராகாரத்தைப் பெருக்குவார் யார்? பறவைகள் இடும் எச்சத்தால் கோபுரத்தின் இடுக்குகளில் அரசும் ஆலும் முளைக்கும். விரல் நீளச் செடியாயிருக்கும்போது சிறுபிள்ளையும் பிடுங்கிவிடலாம். விட்டுவைத்தால் வேர் உள்ளோடிக் கல்லைப் பிளக்கும். பின்னர் இலட்சம் இலட்சமாய்ப் பொருள் திரட்டி மீண்டும் திருப்பணி செய்ய வேண்டும். அன்று அப்பர் பெருமான் கையில் உழவாரம் இருந்ததன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? தலைமையும் அவ்வாறே. மனத்தில் முளைக்கும் செருக்கு என்னும் செடியைச் சிறிதாயிருக்கும்போதே பிடுங்க வேண்டும். அதற்குக் கைத்தொண்டே உழவாரம்.

ஆகவே, திங்களுக்கு ஒருநாள் இத்திருக்கோயிலில் உழவாரப்பணி நடைபெறட்டும். குழுத்தலைவர் முதற்கூடையைத் தூக்கட்டும். பெருங்கொடை அளித்தவர் அடுத்த கூடையைத் தூக்கட்டும். அருகில் நிற்கும் கோயிற் பணியாளரின் பெயரையும் நலத்தையும் அன்று கேட்டறியட்டும். கால்வலி உள்ள அடியேன் ஓரமாய் அமர்ந்து புல்லையேனும் பொறுக்குவேன். எவரையேனும் கடிந்துகொள்ள நேர்ந்தால், முதலில் காரணம் கேட்டுவிட்டுப் பேசுவேன்.

எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் நம் அனைவர்க்கும் வாசியில்லாக் காசு அருளுவதாக.

திருச்சிற்றம்பலம்