குறையும் குரையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் எழுத்துப் பிழையைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். நம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொன்னால் காரணம் விளங்கும். பல ஆண்டுகளுக்கு முன், நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டி அலுவலகம் ஒன்றிற்கு மனு எழுதினோம். 'எங்கள் குரைகளைத் தீர்க்கக் கோறுகிறோம்' என்று அது முடிந்திருந்தது. படித்தவர் உரக்கச் சிரித்தார். அருகில் இருந்தவர்க்கும் காட்டினார். குறை என்பது இல்லாமை. குரை என்பது நாயின் ஒலி. கோருதல் என்பது வேண்டுதல். கோறல் என்பது கொல்லுதல். தண்ணீர்த் துன்பம் பின்னுக்குப் போயிற்று. பிழை முன்னுக்கு வந்தது.

திருத்தி எழுதிய மனுவுக்கு மறுவாரமே குழாய் வந்துவிட்டது என்று கதை கட்டமாட்டோம். ஆயினும் இரண்டாம் முறை சிரிப்பதற்கு அதில் இடமில்லை. அவர் விடை சொல்லியே தீரவேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம் பேச்சு மொழியில் இழிவு ஏதும் இல்லை. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் ரகர றகர வேறுபாட்டை எந்த வகுப்பினரும் பேச்சில் காட்டுவதில்லை. ழகரம் ஓரிடத்தில் ளகரமாகவும், மற்றோரிடத்தில் யகரமாகவும் ஒலிக்கின்றது. காது காட்டாத வேறுபாட்டைக் கண்ணும் கையும் பழகிக்கொள்ளவேண்டும் என்பதே உண்மை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பழக்கம் எளிதாக வந்தது. நமக்கு அது காலந்தாழ்ந்து வந்தது. பழக்கக் குறைவு அறிவுக் குறைவு அன்று.

பழகுவதற்கு எளிய வழிகள் உண்டு. டகரத்திற்கு முன் வரும் மெல்லின மெய் ணகரம்: வண்டி, கண்டு. றகரத்திற்கு முன் வரும் மெல்லின மெய் னகரம்: கன்று, நன்று. தமிழ்ச் சொற்களில் ரகரம் இரட்டிப்பதில்லை. ஆதலின் காற்று, வெற்றி, கூற்று ஆகியவற்றில் ஐயத்திற்கு இடமே இல்லை. விதி உதவாத இடங்களில் சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல், வாக்கியத்தில் வைத்துப் பழகுக.

'மழையில் எங்கள் கூரை ஒழுகியது.' கூறை என்றால் அது புடவை.
'அதிகாரிகள் மனம் இரங்கவேண்டும்.' இறங்கினால் அது கீழே வருவது.
'மழையைப் பொறுத்தே விளைச்சல். வண்டியில் சக்கரத்தைப் பொருத்தினார்.'
'பணியில் சேர ஆணை வந்தது. விடியலில் பனி பெய்தது.'
'ஏரியின் கரையில் நடந்தோம். துணியின் கறை போகவில்லை.'

எழுத்து வேறுபாட்டினும் ஆழமானது சொல் வேறுபாடு. 'அன்று' என்பதையும் 'இல்லை' என்பதையும் எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து 1892இல் நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதனையே. அத்தகைய நிலம் பிறர் கைக்குப் போயிருக்குமானால், 'இந்நிலம் எங்களிடம் இல்லை' என்று எழுதவேண்டும். 'இந்நிலம் எங்களுடையது அன்று' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முன்னது, பறிபோனதைச் சொல்லும் முறையீடு. பின்னது, நாமே விட்டுக்கொடுக்கும் வாக்குமூலம். ஒரு சொல்லில் ஒரு காணி கைமாறிவிடும்.

அவ்வாறே 'சலுகை' என்பதும் 'உரிமை' என்பதும் ஒன்றல்ல. சலுகை, கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. மனம் மாறினால் போவது. உரிமை, சட்டத்தால் நிலைபெற்றது. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு இடம்தரும் ஒதுக்கீட்டைச் சலுகை என்று பிறர் எழுதுவதைப் பார்த்து நாமும் எழுதிவிடுகிறோம். 'ஒதுக்கிவைத்தல்' நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியது. 'ஒதுக்கீடு' நம்மை அவைக்குள் அமர்த்துவது. இரண்டிற்கும் வேர் ஒன்றே, திசைதான் வேறு.

இறுதியாக, நாம் நாள்தோறும் குழப்பிக்கொள்ளும் சொற்கள் இரண்டு: 'நாம்', 'நாங்கள்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம். கேட்பவரை நீக்கிச் சொல்வது நாங்கள். ஆட்சியர்க்கு எழுதும் மனுவில் 'எங்கள் தெரு' என்பதே பொருந்தும். அவர் நம் தெருவில் குடியிருப்பவர் அல்லர். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலோ 'நம் தெரு' என்றே எழுதவேண்டும். அங்கே 'எங்கள்' என்று எழுதினால், எழுதியவர் தம் உறவினரை மட்டும் எண்ணினாரோ என்ற ஐயம் எழும். சங்கங்கள் பிளவுபடுவதற்கு அவ்வளவே போதும்.

அண்ணல் அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பு, 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டது. அதன் முகப்புரை தமிழில் 'நாம்' என்னும் சொல்லையே ஆள்கின்றது. 'நாங்கள்' என்று கூறவில்லை. ஊர், சேரி என்று பிரிந்து கிடந்த நாட்டில் எல்லாரையும் உள்ளடக்கும் சொல் அது. அச்சொல்லுக்கு நாம் தகுதியுடையவர்களா என்று எவரும் நம்மைக் கேட்க இயலாது. அச்சொல்லை மறந்து நடப்பவரை நாம் கேட்கலாம். பிழையின்றி எழுதியும் கேட்கலாம்.

இளைஞர்களே! இரவுப் பள்ளியில் நாளுக்கு இரண்டு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஐயம் வரும்போது அகராதியைப் புரட்ட நாணாதீர்கள். மனு எழுதினால் அனுப்புமுன் மற்றொருவரிடம் படித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, பொருள் சொல்லிய பிறகே மையைத் தொடச் செய்யுங்கள். எழுதத் தெரியாத அவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த காசில்தான் இச்சங்கம் வளர்ந்தது. அவர்கள் குறையை நாம் குறை என்றே எழுதுவோம்.