அறை கிடைத்தது, வீடு எங்கே?



மாலை ஏழு மணி. கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்திலிருந்து கூட்டம் இறங்கி வருகிறது. அதில் தோளில் மடிக்கணினிப் பையோடு ஓர் இளம்பெண். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படிப்பவர். புவன விஸ்தா பக்கத்து நிறுவனம் ஒன்றில் வேலைப் பயிற்சிக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அவருக்குப் பெயர் எதுவும் வேண்டாம். ஆண்டுதோறும் இப்படி வந்து போகிற மாணவர்களில் ஒருவராக அவரை எண்ணிக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்குக் கைப்பேசி ஒலிக்கிறது. ஈரோட்டில் அப்போது மணி ஏழரை.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன்மா."

உண்மையில் அவர் சாப்பிட்டது நான்கு பிஸ்கட். அம்மா கவலைப்படக்கூடாது என்று சொன்ன பொய் அது. வெளிநாட்டுக்குத் தனியாக வரும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது பேருந்துத் தடமோ வேலையோ அல்ல, இந்தப் பொய்தான்.

ஏன் சாப்பிடவில்லை? கிளமெண்டியில் சாப்பாட்டுக்கா பஞ்சம்? நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் உணவங்காடி நிலையம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோவே தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே முதன்முதலாகத் தனியே நிற்கிற பெண்ணின் நிலை வேறு. கீரைப் பொரியல்போலத் தெரிகிற கங்கோங்கில் பெலாச்சான், அதாவது இறால் விழுது கலந்திருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவருக்கு அதை யாரிடம் கேட்பது என்று தெரியாது. காலியான மேசையில் உட்காரப் போனால் அதன்மேல் ஒரு மெல்லிழைத்தாள் பொட்டலம். இடம் பிடித்தாகிவிட்டது என்பது அதன் பொருள் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? காப்பி கேட்டால் 'கோப்பியா, கோப்பி ஓவா, கோப்பி சியா' என்று கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. ஐந்து வெள்ளி என்றதும் மனம் அதை ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திடுக்கிடுகிறது. போதும் என்று அறைக்குத் திரும்பிவிடுகிறார்.

இவையெல்லாம் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கோப்பி என்றால் கெட்டிப் பால் சேர்த்தது. ஓ என்றால் பால் இல்லாதது. சி என்றால் கெட்டிப் பாலுக்குப் பதில் ஆவியாக்கிய பால். கோசோங் என்றால் சர்க்கரை வேண்டாம். பொட்டலம் கட்ட வேண்டுமானால் 'தபாவ்'. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் அது கட்டாயம். எம்ஆர்டி ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் பத்தே நிமிட வேலை. அந்த ஓர் ஆள்தான் இல்லை.

தங்கும் இடமும் அப்படித்தான். பயிற்சிக்கு வருவோருக்கான வேலை அனுமதிகளில் ஒன்று அதிகபட்சம் மூன்று மாதத்துக்கே செல்லும். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஓர் அறையை எடுத்தாலும் ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விட விதி இடம் தராது. தனியார் வீடுகளுக்குக் குறைந்தது மூன்று மாதம். இது தெரியாத மாணவர்கள், 'பரவாயில்லை, இரண்டு மாதம் இருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்பவரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பிரச்சினை வந்தால் புகார் செய்யவும் முடியாமல் தவிக்கிறார்கள். அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்புவது ஆபத்து. முகவர் என்று சொல்கிறவர் உண்மையில் முகவர்தானா என்பதைச் சொத்து முகவர்களுக்கான பொதுப் பதிவேட்டில் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொண்டே சரிபார்த்துவிடலாம். புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பெண் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குகிறார். சிராங்கூன் சாலையில் மல்லிகை வாசம், தேக்காவில் முருங்கைக்காய், காதில் விழுவதெல்லாம் தமிழ். வயிறார இரண்டு தோசை. கண் கலங்குகிறது. நல்லதுதான். ஆனால் மாலையில் திரும்பி வந்தால் மறுபடியும் அதே அறை, அதே நான்கு சுவர். வாரத்தில் ஒரு நாள் தேக்காவில் வாழ்ந்துவிட்டு, ஆறு நாள் கிளமெண்டியில் ஒளிந்திருப்பதைப் பழகிக்கொண்டதாகச் சொல்ல முடியுமா?

இங்கே கொஞ்சம் பழைய கதையைப் பார்க்கலாம். தமிழர்கள் வேலை பழகச் சிங்கப்பூருக்கு வருவது புதிதல்ல. அந்தக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்து சின்னப் பையன்கள் கப்பலேறி வந்தார்கள். பெட்டியடிப் பையன் என்று பெயர். கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வார்கள். பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். அதுவரை வீட்டு முகம் பார்க்க முடியாது. கடிதம் கப்பலில்தான் வர வேண்டும். இன்றைய பிள்ளைகளுடையதைவிடப் பெரிய துன்பம் அது.

ஆனால் அவர்களுக்கு ஒன்று இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி இருந்தது. பகலில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்கும் நீண்ட கூடம். இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுக்கை. சமைக்க ஆள் உண்டு. பசித்தவனைப் பார்த்து 'ஏன் சாப்பிடவில்லை?' என்று அதட்டப் பெரியவர்கள் உண்டு. டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் உண்டு. அங்கே யாரும் 'சாப்பிட்டேன்' என்று பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்கு உண்மை தெரியும். 1970களின் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் மறைந்தன.

அன்று பயிற்சிக்கு வந்தவன் ஒரு வீட்டுக்கு வந்தான். இன்று வருகிறவர் ஓர் அறைக்கு வருகிறார். வேறுபாடு அவ்வளவுதான். அம்மாவின் முகத்தைக் கைப்பேசி தினமும் காட்டுகிறது. ஆனால் நான்கு பிஸ்கட்டை அது காட்டிக்கொடுப்பதில்லை.

ஆகவே, வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிட்டங்கியை நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். தினமும் ஒரே கடைக்குப் போங்கள். நான்காம் நாள் கடைக்கார அங்கிள் உங்கள் கோப்பியைக் கேட்காமலே போட்டு வைப்பார். தெரியாததைக் கேளுங்கள், கேட்பது அவமானமில்லை. கிளமெண்டி நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கட்டணமில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'இன்னிக்குச் சாப்பிடலம்மா' என்று ஒரு நாள் சொன்னால், மறுநாள் சாப்பிட்டே தீருவீர்கள்.

இங்கே வேரூன்றிய குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மின்தூக்கியில் பையோடு தனியே நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அவர் கைப்பேசியைப் பார்க்கிறார், நீங்கள் மாடி எண்ணைப் பார்க்கிறீர்கள். அடுத்த முறை, "எந்த ஊரும்மா?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பதால் யாருக்கும் செலவு கூடிவிடாது.

அன்று இரவு பத்து மணிக்கு ஈரோட்டிலிருந்து அழைப்பு வரும். "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்பார். அந்தப் பெண் சொல்லப்போகும் பதில் உண்மையாக இருக்கும்.