பெட்டிக்கு வெளியே நிற்கும் கருவி



நம் வீட்டில் கண்சிமிட்டும் இணைய ரவுட்டருக்குள் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அந்தச் சிறு பெட்டிக்கான மென்பொருளை வேறொரு கணினியில் வைத்துக் கட்டித் தருவது பில்ட்ரூட் போன்ற அமைப்பு. கட்டும் கருவிகள் பெட்டிக்குள் போவதில்லை. வீடு எழும்பியதும் பிரித்துவிடும் சாரம் மாதிரி. அதனால் அவற்றை யாரும் நினைப்பதில்லை, பராமரிப்பவரையும் சேர்த்துத்தான்!

சுருக்கிய மூலக் கோப்புகளை விரித்துத் தரும் எக்ஸ்இசட் அப்படியொரு கருவி. பல்லாண்டுகள் ஏறத்தாழ ஒருவரே ஊதியமின்றிக் கவனித்துவந்தார். களைத்துப்போனவருக்குத் தோள் கொடுக்க இன்னொருவர் வந்தார். ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்றார். பிறகு 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்தார். அதைத் திறக்கும் கட்டளை ஒளிந்திருந்ததே, கட்டுமானக் குறிப்புக் கோப்பில்தான்.

பில்ட்ரூட் ஒவ்வொரு மூட்டைக்கும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுமே என்பீர்கள். ஒப்பிடும். வழியில் மூட்டை பிரிக்கப்படவில்லை என்றுதான் அந்த முத்திரை சொல்லும். இங்கே கலப்படம் நடந்தது ஆலையிலேயே!

கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டியதில், மார்ச் மாதம் குட்டு உடைந்தது. மே மாதம் கதவை அகற்றி 5.6.2ஐ வெளியிட்டவர், அந்தப் பழைய பராமரிப்பாளர்தான்.