க்ஷயரோகிக்கு வீட்டிலேயே சிகிச்சை

(கூட்டுறவு நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடனையும் தவணையையும் பற்றிப் பேசவேண்டிய நான், க்ஷயரோகத்தைப்பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நான் வைத்தியனல்லன். ஆயினும் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் எனக்கு, பாக்கிக்காரர் ஜாபிதாவில் காணும் சில பெயர்களின் பின்னால் ஒரு நோயாளியின் கட்டில் கிடப்பது தெரியும்.

நான் அறிந்த ஓர் அங்கத்தினர் உழவு மாடு வாங்கக் கடன் பெற்றவர், நாணயம் தவறாதவர். அவருக்கு இந்நோய் கண்டு, மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, முகம் தெளிந்தது. அப்பொழுது அறுப்புக் காலம். மருந்து வாங்கப் போனால் ஒரு நாள் வேலை கெடுமென்று எண்ணி நிறுத்திவிட்டார். சில மாதங்களுக்கெல்லாம் கோழையில் இரத்தம் கண்டது. முன் கேட்ட மருந்து இம்முறை கேட்கவில்லை. நெடுநாள் கடுமையான மருந்துகளைச் சாப்பிட வேண்டியதாயிற்று. மாடுகள் விலையாயின. கடன் பாக்கி நின்றதைப்பற்றி நான் சொல்ல வரவில்லை. அவருடைய மூன்று வயதுக் குழந்தைக்கும் நோய் பற்றிவிட்டது என்பதே என் மனத்தை விட்டு அகலாதிருக்கின்றது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாதெனில், மருந்து தொடங்கியதும் பெரும்பாலான கிருமிகள் விரைவில் மடிகின்றன. நோயாளிக்குச் சுகம் தோன்றுகின்றது. ஆனால் உறங்குவன போன்ற சில கிருமிகள் எஞ்சியிருக்கும். அவற்றை அழிப்பதற்கே மீதி மாதங்கள். நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காதவை பெருகிவிடக்கூடும். சாதாரணமாகப் புதிய நோயாளிக்கு 6 மாதச் சிகிச்சை: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் மூன்று மருந்துகள். சர்க்கார் வைத்தியசாலைகளில் இவை இலவசம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் கோழையைப் பரிசோதிக்கக் கொடுக்கவேண்டும், அதற்கும் கட்டணமில்லை.

நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வினாவுக்கு விடை கண்டது நம் சென்னையே. 1956ம் வருஷம் தொடங்கி, 193 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே விதமான மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான இடங்களில் வசித்தவர்கள், சானடோரியத்திற் கிடைத்த ஆகாரமும் ஓய்வும் அவர்களுக்கில்லை. ஆயினும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. 1959ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் வைத்திய முறையை மாற்றியது. தொற்றும் அபாயம் மிகுதியாக இருப்பது, நோய் இன்னதென்று அறியாது இருமிக்கொண்டிருக்கும் காலத்தில்தான்.

இந்நோய் பரவுவது காற்றின் வழியாக. தட்டு, லோட்டா, துணி, கைதொடுதல் இவற்றால் அன்று. ஆகையால் நோயாளியின் பாத்திரத்தைத் தனியே கவிழ்த்து வைத்து அவரை அவமதிப்பது வீண்கொடுமை. சன்னலைச் சாத்தி வைப்பதோ உண்மையான தவறு. பனிக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைத்து, அதே அறையில் குழந்தைகளைப் படுக்கவைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். காற்றும் வெயிலும் புகும் இடத்தில், கூடுமானால் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ, நோயாளி படுக்கட்டும். இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். கோழையை மூடியுள்ள பாத்திரத்தில் துப்பி, பின் எரித்தோ புதைத்தோ விடுக. மருந்து சரியாக உட்கொண்டால், சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும்.

பராமரிப்போர் செய்யவேண்டுவன பல. மாத்திரையைக் கையிற் கொடுத்துவிட்டுப் போகாமல், விழுங்குவதைப் பார்க்கவேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறமே. இரத்தமென்று கலங்கி நிறுத்தவேண்டா. ஆனால் கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் இவை கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்க. வீட்டிலுள்ளோர் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். நோய் இல்லையென்று தெரிந்தபின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நோயாளிக்கு நீரிழிவு உண்டாவென்றும் பார்த்துக்கொள்க. பீடியும் கள்ளும் சாராயமும் அடியோடு ஆகா.

ஆகாரத்தில் பத்தியமென்று பட்டினி போடுவது பெருந்தவறு. கேழ்வரகு, பருப்பு, நிலக்கடலை, முட்டை, மீன், கீரை, பால் இவற்றில் இயன்றதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஜார்க்கண்டில் நடந்து 2023ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நோயாளியின் வீட்டாருக்கும் கூடுதலான தானியமும் பருப்பும் கொடுத்ததால், அவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சர்க்கார் 2018 முதல் ஆகாரத்திற்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக்கினர். அது நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்வது. கணக்கில்லாத ஏழைக்குக் கணக்குத் திறக்கக் காரியதரிசி உடன் சென்று உதவலாமே! அறுப்புக் காலத்தில் மருந்து வாங்கி வரவும் முறைவைத்து ஓர் அங்கத்தினரை அனுப்பலாம். அதற்குத் தீர்மானம் நிறைவேற்றவேண்டிய அவசியமுமில்லை.

இருமலுள்ளவர் யாரேனும் இங்கிருந்தால், கூட்டம் கலைந்தபின் என்னிடம் தனியே சொல்லலாம். நாளைக் காலை வைத்தியசாலைப் பக்கமாகத்தான் போகிறேன்; என்னோடு வரலாம்.