வைத்தியரின் மனச்சாட்சியும் நோயாளியின் உயிரும்

(பண்டாரவளைக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"என் மனச்சாட்சி இடந்தராது, இந்தச் சிகிச்சையை நான் செய்யமாட்டேன்" என்று ஒரு வைத்தியர் சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் பதில். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 10ஆம் உறுப்புரையில், சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்திற்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தந்திருக்கிறது. நமக்காக அச்சுதந்திரத்தைக் கேட்கும் நாம், வைத்தியருக்கு மட்டும் அதை மறுப்பது நீதியாகாது.

ஆனால் அதன் எல்லை எது? கட்டிலில் கிடக்கும் நோயாளியின் உயிரே எல்லை!

1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், கருச்சிதைவைக் குற்றமாக்குகிறது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டும் குற்றமன்று என்கிறது. அந்த ஒரே வாசலையும் மனச்சாட்சியின் பெயரால் அடைத்துவிட்டால் தாயின் கதி என்ன?

அயர்லாந்தின் கால்வே நகரில் 2012இல் நடந்ததைக் கேளுங்கள். கர்நாடகத்துப் பெண் சவிதா ஹாலப்பனாவர், கரு பிழைக்காது என்று தெரிந்தபின் அதை நீக்குமாறு கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். இரத்தத்தில் நஞ்சு பரவி அவர் மாண்டார். அங்கே குறுக்கே நின்றது ஒரு வைத்தியரின் மனச்சாட்சியன்று, நாட்டின் சட்டம். 2018இல் மக்கள் வாக்களித்து அத்தடையை அகற்றினர். அவ்வாண்டே வந்த புதிய சட்டம், மறுக்கும் உரிமையை வைத்தியருக்குத் தந்தது. கூடவே இரு கடமைகளையும் விதித்தது. நோயாளியைக் காலதாமதமின்றி வேறு வைத்தியரிடம் ஒப்படைக்க வேண்டும். உடனடி ஆபத்தில் மறுக்கலாகாது. இங்கிலாந்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டமோ, தம் மறுப்பு மனச்சாட்சியின் பாற்பட்டதே என்று நிரூபிக்கும் பொறுப்பை மறுப்பவர் மீதே சுமத்துகிறது.

கொழும்பில் ஒரு கதவு மூடினால் மறு கதவைத் தட்டலாம். இந்த மலையில்? கொழுந்து பறிக்கும் பெண்ணும், மரக்கறி பயிரிடும் விவசாயியின் மனைவியும் ஒரு நாள் உழைப்பை இழந்து, பஸ் ஏறிப் பதுளைக்குப் போகவேண்டும். தமிழ் அரசகரும மொழியானது 1987இல். ஆயினும் மறுப்பு வேற்று மொழியில் வந்தால், தனக்கு மறுக்கப்பட்டது என்ன என்பதைக்கூட அவள் அறியாள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மறுக்கும் வைத்தியர் முதலிலேயே சொல்லட்டும், நோயாளியின் மொழியில் சொல்லட்டும், பழித்துப் பேசாது, கடிதம் கொடுத்து வேறு வைத்தியரிடம் அனுப்பட்டும், உயிர் ஊசலாடும் வேளையில் மறுக்காதிருக்கட்டும். இந்நான்கையும் வைத்தியசாலைதோறும் தமிழிலும் எழுதிவைக்கச் சுகாதார அமைச்சு கட்டளையிடட்டும்.

வைத்தியரின் மனச்சாட்சியை மதிக்கிறோம். அதன் விலையை லயத்துப் பெண் தன் உயிரால் கொடுக்கலாகாது!