இணைக்கும் ஆணிகள்

காதுத் தோட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்னாலிருக்கும் சிறு திருகாணிதான் அதைக் காதில் நிறுத்துகிறது. போல்ட்டும் நட்டும் அந்தத் திருகாணிக்கு அண்ணன்மார்.

இணைப்புகள் இரண்டு வகை. வாளியின் காது அசையக் கூடாது. அதை ரிவெட் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். கத்தரிக்கோல் அசைய வேண்டும், ஆனால் பிரியக் கூடாது. அதை நடு ஆணி பார்த்துக்கொள்கிறது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909-இல் நிறைவடைந்தது. அந்தக் காலத்துத் தண்டவாளங்களை இரும்புப் பட்டையும் போல்ட்டும் கொண்டு இணைப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? ஆகவே தண்டவாளத் துளையைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சிறு இடைவெளியும் விடுவார்கள். அந்த இடைவெளியைச் சக்கரம் கடக்கும்போதுதான் 'தடக் தடக்' என்ற ஓசை எழும்.

ஓடும் வண்டியின் அதிர்வில் நட்டு தானே தளரும். அதைத் தடுக்க, சில சக்கர அச்சுகளில் நட்டின் குறுக்கே ஊசி செருகி, அதன் முனைகளை மடக்கிவிடுவார்கள். மாட்டு வண்டியில் கடையாணி செய்த காவல் வேலையும் இதுவே. சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசையில் வெட்டியிருப்பதும் மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருக்கத்தான். எந்தப் பெடலையும் இறுக்க, மேல் நோக்கிப் பிடித்த ஸ்பேனரை வண்டியின் முன்பக்கமாகத் தள்ள வேண்டும். இதை அறியாமல் மாற்றித் திருகினால் மரை தேய்ந்துவிடும்.

நமக்குத் தெரிந்த ஒரு தந்தை மகளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்து வந்தார். வழியில் சங்கிலி கழன்று சக்கரத்தில் சிக்கியது. இருவரும் விழுந்தார்கள், பிள்ளையின் கை முறிந்தது. முதல் நாள் மாலை அவரே சங்கிலியைக் கழுவி மாட்டியிருந்தார். இணைப்புக் கண்ணியின் கிளிப்பு திரும்பியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையில் இருக்க வேண்டும். சங்கிலியின் மேல்பகுதியில் அது வண்டியின் முன்பக்கம் பார்க்கும். பிளந்த முனை முன்னே இருந்தால், எதிலாவது உராயும்போது கிளிப்பு கழன்றுவிடும்.

ஆகவே ஊசி தொலைந்த இடத்தில் சுவர் ஆணியைச் செருகாதீர்கள். மடக்கிய ஊசியை நிமிர்த்தி மீண்டும் போடாதீர்கள். புதியதற்குச் சில காசுகளே ஆகும். ஞாயிறு காலையில் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, வண்டியின் நட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்ப்போம். தளர்ந்த நட்டைக் கண்டுபிடிக்கும் பிள்ளை பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.